சுவரோரப் பாத்திகள்

ஒரகடத்திலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகும் சாலையை விட்டு உள்ளே இறங்கினால் எங்கள் ஊர். ஊர் ஏரிக்குக் கீழே எங்களுக்கு மிச்சமிருந்தது ஒரு துண்டுக் கழனிதான். மற்றதெல்லாம் அப்பா உயிரோடிருந்தபோதே சாலைக்கும் கம்பெனிகளுக்குமாகப் போய்விட்டது. மிச்சத் துண்டின் மேற்கு எல்லையில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் மதில். என் அண்ணன் அங்கேதான் தகடு அழுத்தும் பிரஸ் ஷாப்பில் காண்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தான். அண்ணி கல்யாணத்துக்கு முன்பு சுங்குவார்சத்திரம் பக்கம் ஓர் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் அசெம்பிளி லைனில் நின்றவள். குழந்தை பிறந்ததும் வேலையை விட்டிருந்தாள். நான் வேளாண் கல்லூரியில் பயிர்ப் பெருக்கத் துறையில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன்.

என்ன படிக்கிறேன் என்று யாராவது கேட்டால் நெல் படிக்கிறேன் என்பேன். அதற்குமேல் கேட்பவர்கள் குறைவு. கேட்டது அண்ணி மட்டும். அவளுக்கு நான் சொன்னது இதுதான். ஒரே விதையைப் பல கழனிகளில் போட்டால் விதவிதமாக வரும். பல விதைகளை ஒரே கழனியில் போட்டாலும் விதவிதமாக வரும். ஒரு கதிரில் நூற்றைம்பது மணி இருக்கிறது, பக்கத்துக் கதிரில் நூறுதான் இருக்கிறது என்றால், அந்த வித்தியாசம் விதையால் வந்ததா, மண்ணும் தண்ணீரும் எருவும் கொடுத்ததா? விதையால் வந்தது என்றால் நல்ல செடியைப் பொறுக்கி விதைத்தால் அடுத்த தலைமுறையிலும் அது வரும். மண் கொடுத்தது என்றால் பொறுக்கியது வீண். விளைச்சலைக் கூட்டும் ஒவ்வொரு குணத்திலும் விதையின் பங்கு எவ்வளவு என்று கணக்குப் போட்டுச் சொல்ல வேண்டும். அதற்குப் பெயர் மரபுத்திறன்.

"அப்போ பொண்ணு பாக்கப் போறவங்க கேக்கறா மாதிரிதான்," என்றாள் அண்ணி. "குடும்பம் எப்படி, அம்மாக்காரி எப்படின்னு."

"அவங்க ஒரு வூட்டதான் பாக்கறாங்க அண்ணி. நான் ஒரே விதைய பல எடத்துல நட்டுப் பாக்கறேன்."

எனக்கு வழிகாட்டியாக இருந்த பேராசிரியை கண்டிப்பானவர். கல்லூரிப் பண்ணையில் மட்டும் நட்டால் போதாது, அங்கே மண்ணும் தண்ணீரும் செல்லப் பிள்ளைக்குக் கிடைப்பதுபோல் கிடைக்கும், நிஜமான விவசாயி நிலம் ஒன்றிலும் நட வேண்டும் என்றார். எங்கள் கழனியைச் சொன்னேன். அவர் ஒருமுறை வந்து பார்த்தார். சுவரையும் பார்த்தார், ஏரியையும் பார்த்தார், சரி என்றார்.

என் கையில் இருந்தவை உயரமாக வளரும் பழைய சம்பா ரகம் ஒன்றையும் குறுகிய காலத்தில் விளையும் புது ரகம் ஒன்றையும் ஒட்டுச் சேர்த்து, பல தலைமுறை தாண்டி வந்த வகைகளும், ஒப்பிட்டுப் பார்க்க அந்தத் தாய் தந்தை ரகங்களும். வகைகளுக்குப் பெயர் கிடையாது, எண்தான். கழனியை மேற்கிலிருந்து கிழக்காக மூன்று பகுதியாகப் பிரித்து, ஒவ்வொரு பகுதியிலும் எல்லா வகையையும் சீட்டுக் குலுக்கிய வரிசையில் நட வேண்டும். நடவுக்கு ஆள் கிடைக்கவில்லை. ஊரில் நடவு தெரிந்த பெண்கள் எல்லாம் கம்பெனி பஸ்ஸில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். வந்த இரண்டு பேரும் குத்துக்கு ஒரே நாற்று, கயிறு பிடித்து நட வேண்டும் என்றதும் மறுநாள் வரவில்லை. நானும் அண்ணியும்தான் நட்டு முடித்தோம். அம்மா முட்டி வலியோடு வரப்பில் உட்கார்ந்து நாற்று முடிகளைப் பிரித்துப் பிரித்துக் கொடுத்தாள். அண்ணியின் வரிசை என் வரிசையைவிடக் கோணலாக இருந்தது, ஆனால் வேகம் அதிகம்.

புரட்டாசியில் தொழிற்சாலை ஒரு புது ஷெட்டைக் கட்டி முடித்தது. சுவரோரம் உயரமான கம்பங்கள் நட்டு வெள்ளை விளக்குகள் போட்டார்கள். எனக்கு அப்போது எதுவும் தோன்றவில்லை. கல்லூரிக்கும் ஊருக்கும் அலைவதிலேயே நாள் போயிற்று.

கார்த்திகையில் கதிர் வெளிவரத் தொடங்கியது. கிழக்குப் பகுதியில் வந்தது, நடுப்பகுதியில் வந்தது. சுவரோரப் பகுதியில் பாதி வகைகள் பச்சையாகவே நின்றன. நல்ல ஆரோக்கியமான பச்சை. மண் சத்துக் குறைவு என்றால் இலை வெளுத்திருக்க வேண்டும். தண்ணீர்க் குறை என்றால் சுருண்டிருக்க வேண்டும். இவை அடியில் பக்கக் கிளைகள் வெடித்து இரண்டு மடங்கு தூர் கட்டிக் கொழுத்து நின்றன. ஒரு தூரை வேரோடு பிடுங்கி பிளேடால் நெடுக்காகக் கிழித்துப் பார்த்தேன். உள்ளே இளங்கதிர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றுமில்லை.

எந்த வகைகள் பூக்கவில்லை என்று தாளில் குறித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து பார்த்தபோதுதான் ஓர் ஒழுங்கு தெரிந்தது. தாயான பழைய சம்பாவும், அதன் குணம் அதிகம் இறங்கிய வகைகளும்தான் நின்றுவிட்டன. குறுகிய கால ரகமும் அதன் சாயலில் வந்தவையும் சுவரோரத்திலும் நாள் தவறாமல் பூத்திருந்தன. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. சுவர்மேல் விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. எழுந்து நின்றேன். விளக்கு வெளிச்சத்தில் என் நிழல் கிழக்கே நீண்டு வரிசைகளின் மேல் விழுந்தது.

பழைய சம்பா இரவு நீளமாவதைப் பார்த்துத்தான் கதிர் வைக்கும். ஐப்பசி வந்துவிட்டது, கதிர் வைக்கும் காலம் என்று அதற்கு யாரும் சொல்வதில்லை, இருட்டுதான் சொல்கிறது. சுவரோரத்தில் இருட்டு இல்லை. பாடத்தில் இதை நான் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். எங்கள் கழனியில் அது நடக்கும் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

அந்தப் பருவத்தின் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பூக்கும் நாள் என்பது எந்தப் பாடப்புத்தகத்திலும் பெரும்பாலும் விதையின் பேச்சைக் கேட்கும் குணம். என் கணக்கில் அதன் மரபுத்திறன் பாதாளத்தில் கிடந்தது. ஒரே வகை ஒரு பகுதியில் குறித்த நாளிலும் இன்னொரு பகுதியில் பல வாரம் கழித்தும் பூத்தால் வேறு எப்படி வரும்? கதிர் நீளம், மணி எண்ணிக்கை, செடி ஒன்றின் விளைச்சல் எல்லாம் அதோடு சேர்ந்து குழம்பியிருந்தன.

பேராசிரியை தாள்களைப் பார்த்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த இடத்தையே விட்டுடுங்க. கல்லூரிப் பண்ணை டேட்டா சுத்தமா இருக்கு. அதை வெச்சு எழுதிடலாம்."

"ஒரே இடம்தான் இருக்கும் மேடம்."

"ஒரே இடத்தை வெச்சு எழுதினவங்க இல்லையா? பட்டம் வாங்கலையா?"

"நீங்கதானே மேடம் நிஜ நிலம் வேணும்னீங்க. இதுதான் நிஜ நிலம். சுவரோட, விளக்கோட."

அவர் தாள்களை அடுக்கி என் பக்கம் தள்ளினார். பிறகு, "இன்னொரு சம்பாப் போகம் வைக்கணும்னா ஒரு வருஷம் போகும். உதவித்தொகையும் நின்னுடும். யோசிச்சுச் சொல்லுங்க," என்றார்.

"யோசிச்சுட்டேன் மேடம்," என்றேன். உண்மையில் அவர் அறைக்கு வரும் வழியில் பஸ்ஸிலேயே யோசித்து முடித்திருந்தேன்.

முதலில் விளக்குக்கு வழி பார்க்க வேண்டும். ஒரு காலை தொழிற்சாலை வாசலுக்குப் போனேன். கையில் ஒரு சாக்கு. அதற்குள் ஒரே எண்ணுடைய இரண்டு செடிகள், வேர்மண்ணோடு. ஒன்று கிழக்குப் பகுதியிலிருந்து, முற்றிய கதிரோடு. மற்றது சுவரோரத்திலிருந்து, கதிரே இல்லாமல்.

வாசலில் செக்யூரிட்டி சாக்கைத் தொட்டுப் பார்த்தார். "இதுல இன்னா?"

"நெல்லுச் செடி."

"செடி, மண்ணு எல்லாம் உள்ள எடுத்துக்கினு போவக்கூடாது மா. யாரப் பாக்கணும்?"

"இந்தச் சுவர் லைட்ட யாரு பாத்துக்கறாங்களோ அவங்கள."

அவர் போன் செய்தார். நான் மரத்தடியில் காத்திருந்தேன். ஷிப்ட் மாறி பஸ்கள் வந்து போயின. ஒருவழியாகக் கட்டடப் பராமரிப்பு மேலாளர் தானே வெளியே வந்தார். தெற்குப் பக்கத்துக்காரர், பேச்சிலேயே தெரிந்தது. நான் சாக்கை உதறி இரண்டு செடிகளையும் சிமெண்ட் தரையில் வைத்தேன். விஷயத்தைச் சொன்னேன்.

"ஏம்மா, லைட்டு வெளிச்சத்துக்கு நெல்லு கதிர் தள்ளாதுங்கியளா? நான் கேள்விப்பட்டதே இல்லையே."

"ரெண்டும் ஒரே தாய்க்கதிர்ல வந்த விதை சார். ஒரே நாள்ல நட்டது. நடுவுல கழனி அகலந்தான் வித்தியாசம்."

அவர் குனிந்து கதிர் இல்லாத செடியின் தூரை விரித்துப் பார்த்தார். "நல்லாத்தானே வளந்துருக்கு."

"நல்லாதான் வளரும் சார். ராத்திரி வருதுன்னு தெரிஞ்சாதான் கதிர் வைக்கும். இங்க அதுக்கு ராத்திரியே வரல."

"லைட்ட அணைக்கச் சொன்னா முடியாதும்மா. கேமரா இருக்கு. கஸ்டமர் ஆடிட்ல மொத கேள்வி அதான்."

"அணைக்க வேணாம் சார். வெளிச்சம் உங்க பக்கம் விழட்டும். எங்க பக்கம் விழாம ஒரு தகட்டு மூடி போட்டாப் போதும்."

பார்க்கிறேன் என்றார். தை போயிற்று, மாசி போயிற்று, விளக்கு அப்படியே எரிந்தது. மறுபடி போனேன். ஆடிட் முடியட்டும் என்றார். முடிந்த பிறகு போனேன். அன்று அவர் விடுமுறையில் இருந்தார். பிறகும் போனேன். செக்யூரிட்டிக்கு என்னைத் தெரிந்துவிட்டது. நான் தூரத்தில் வரும்போதே போனை எடுப்பார்.

ஒருநாள் அண்ணன் வேலை விட்டு வந்து சட்டையைக்கூடக் கழற்றாமல் என் எதிரில் நின்றான்.

"சூப்பர்வைசர் கூப்ட்டு கேக்கறாரு. கழனில லைட்டு வேணாம்னு கேட்டாண்ட வந்து நிக்கறது உன் தங்கச்சியாமேன்னு. நான் இன்னா சொல்றது?"

"ஆமான்னு சொல்லு."

"வெளையாடாத. பர்மனென்ட்டுக்கு ஆளு எடுத்துக்கினு கீறாங்க. ஆறு வருஷமா இதுக்குதான் கெடக்கறேன். இந்த நேரத்துல போயி நீ..."

"நான் உன் பேரச் சொல்லலண்ணா. ஒரு வாட்டி கூட சொல்லல."

"சொல்லணுமா? ஒரே மூஞ்சி."

அண்ணி சமையலறையிலிருந்து வந்தாள். "அவ அணைக்கச் சொல்லல, மூடதான் சொல்றா. அதுக்கா வேலைய வுட்டு அனுப்புவாங்க?"

"உனக்குத் தெரியாது. கம்பெனில எதுக்கு வேணாலும் அனுப்புவாங்க."

அது உண்மை என்று அண்ணிக்கும் தெரியும். அவள் கூடவே லைனில் நின்ற பெண்கள் பலர் காரணம் தெரியாமலே வேலையிலிருந்து நிறுத்தப்பட்டவர்கள். அண்ணன் அன்று என்னோடு சேர்ந்து சாப்பிடவில்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவன் வேலைக்கு என்னால் ஒரு கெடுதல் வந்தால் அதை நான் எதைக் கொண்டு ஈடுகட்ட முடியும்? ஆனால் கேட்பதை நிறுத்திவிட்டால் சுவரோரப் பகுதி அடுத்த சம்பாவிலும் வீண். வாசலுக்குப் போவதை நிறுத்தி, மேலாளருக்கு ஒரு மனு எழுதித் தபாலில் அனுப்பினேன். என் கல்லூரி, என் ஆய்வு, மூடியின் அளவு, எந்தக் கம்பங்கள், எல்லாம் எழுதினேன். செடிகளின் படத்தையும் ஒட்டினேன்.

அந்தச் சமயத்தில் ஸ்ரீபெரும்புதூரில் உறவில் ஒரு கல்யாணம். பந்தியில் அம்மாவின் அண்ணன் என் பக்கத்தில் உட்கார்ந்தார். "இன்னும் முடியலியாமே? ஒரு வருஷம் தள்ளிப் போச்சாமே?" என்று ஆரம்பித்தார். "நம்ம ரத்தத்துல படிப்பு கெடையாதும்மா. இதுவரைக்கும் வந்ததே பெருசு. கம்பெனில எச்.ஆர்ல தெரிஞ்சவரு கீறாரு, சொல்லி வைக்கட்டுமா?"

கெட்ட மனதோடு சொன்னவரில்லை. ஆனால் அவர் போட்ட கணக்கு தப்பு. மரபுத்திறன் என்று நாங்கள் போடும் எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது, அதுவும் அந்தக் கழனியில், அந்தப் பருவத்தில். அதை எடுத்துத் தனி ஒரு செடியின் கழுத்தில் கட்ட முடியாது. அம்மாவும் மாமாவும் ஐந்தாம் வகுப்போடு நின்றதற்கு ரத்தம் காரணமா, கழனி வேலைக்கு ஆள் வேண்டியிருந்தது காரணமா? பிரித்துப் பார்க்க மாமாவிடம் இரண்டாவது கழனி இல்லை. இதையெல்லாம் பந்தியில் பேச முடியுமா?

"இன்னும் ஒரு போகம் வெச்சுப் பாக்கறேன் மாமா," என்று மட்டும் சொன்னேன்.

ஆடி மாதம். நாற்றங்காலுக்குச் சேறடித்துக்கொண்டிருந்தேன். அண்ணன் முதல் ஷிப்ட் முடிந்து வரப்பு வழியாக வந்தான். பல நாளாக என்னோடு சரியாகப் பேசாதவன்.

"மூடி போட்டுட்டாங்க," என்றான். "மெயின்டனன்ஸ் பசங்க ஏணி வெச்சு மாட்டிக்கினு இருந்தாங்க. போயிப் பாரு, சரியா கீதான்னு."

அன்று இருட்டும்வரை காத்திருந்து பார்த்தேன். விளக்குகளின் வெளிச்சம் சுவருக்கு அந்தப் பக்கமே விழுந்தது. எங்கள் பக்கம் சுவர் ஒரு கறுப்புப் பட்டையாக இருந்தது. ஒரே ஒரு கம்பத்தில் மூடி சற்றுக் கோணலாக மாட்டியிருந்ததில் மூலையில் கொஞ்சம் வெளிச்சம் கசிந்தது. அந்த மூலையை நடவில் விட்டுவிட்டேன். அண்ணனின் வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் பயந்தது தவறு என்று நான் இப்போதும் சொல்ல மாட்டேன்.

இரண்டாவது சம்பாப் போகம் நன்றாக வந்தது. மூன்று பகுதியிலும் ஒரே வகை ஏறக்குறைய ஒரே நாளில் தொண்டைக் கதிருக்கு, அதாவது கதிர் உறைக்குள் புடைக்கும் பருவத்துக்கு, வந்தது. நான் தினமும் காலையில் வரிசை வரிசையாக நடந்து குறித்தேன். அண்ணி குழந்தையைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வந்து உயரம் அளந்தாள், நான் எழுதினேன். அவளுக்கு இது பிடித்திருந்தது. லைனில் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கில் ஒரே பொருளைப் பார்த்தவளுக்கு, ஒன்று போல் ஒன்று இல்லாத வரிசைகளைப் பார்ப்பது வேடிக்கையாக இருந்தது.

மணி பால் பிடித்துக்கொண்டிருந்தபோது வடகிழக்கு மழை வந்தது. விடாமல் கொட்டியது. செம்பரம்பாக்கம் ஏரியில் எவ்வளவு தண்ணீர், திறக்கப் போகிறார்களா என்று டிவியில் சொல்லிக்கொண்டேயிருந்தார்கள். எங்கள் ஏரியும் நிரம்பிக் கலங்கல் வழியே வழிந்தது. மழை கொஞ்சம் விட்ட காலையில் கழனிக்கு ஓடினேன். உயரமான வகைகள் பல சாய்ந்து கிடந்தன. சில முழுவதும் தண்ணீரில் படுத்துவிட்டன. அண்ணன் எனக்கு முன்பே வந்திருந்தான், அன்று அவனுக்கு வார லீவு. முழங்காலளவு தண்ணீரில் நின்று, சாய்ந்த குத்துகளை நாலைந்தாகச் சேர்த்து வைக்கோல் பிரியால் கட்டிக்கொண்டிருந்தான்.

"கட்டாதண்ணா."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "இன்னாது?"

"கட்டாத. வுட்டுடு. கட்டினதையும் அவுத்துடு."

"பைத்தியமா உனக்கு? நெல்லு தண்ணில கெடக்குது. ரெண்டு நாள் கெடந்தா அழுகிப் போவும்."

"போவட்டும். எது விழுது, எது நிக்குதுன்னுதான் நான் பாக்கணும். நீ தூக்கிக் கட்டினா எல்லாம் நின்னதாத்தான் கணக்குல வரும். விழறதும் அதோட குணந்தான்."

"ஒரு வருஷம் பாடுபட்டு வளத்துட்டு, விழட்டும்னு பாத்துக்கினு நிப்பியா?"

"நிப்பேன்."

பிரியைத் தண்ணீரில் எறிந்துவிட்டு அவன் வரப்பேறிப் போய்விட்டான். நான் அவன் கட்டியவற்றை அவிழ்த்தேன். கட்டு விட்டதும் செடிகள் மெதுவாக மறுபடி தண்ணீரில் சாய்ந்தன. ஒவ்வொன்றையும் அவிழ்க்கும்போது கை கூசியது. நெல்லைத் தண்ணீரில் விட்டுவிட்டு நிற்பது எங்கள் வீட்டில் யாருக்கும் பழக்கமில்லாத காரியம்.

கொஞ்ச நேரத்தில் அண்ணன் மண்வெட்டியோடு திரும்பி வந்தான். முகத்தைப் பார்க்காமலே கேட்டான்.

"தண்ணிய வடிக்கலாமா? இல்ல, அதுவும் கூடாதா?"

"மூணு பாகத்துக்கும் ஒரே மாதிரி வடிஞ்சா சரி."

அவன் சுவரோரம் போன வடிகாலில் அடைத்திருந்த கட்டடக் குப்பையையும் பிளாஸ்டிக்கையும் வாரிப் போட்டான். மூன்று பகுதியிலும் ஒரே அகலத்தில் மடை வெட்டினான். அவனே ஒரு குச்சியை ஒடித்து மூன்று மடையின் அகலத்தையும் அளந்து பார்த்துக்கொண்டான். மதியத்துக்குள் தண்ணீர் இறங்கிவிட்டது. நான் வரிசையாக நடந்து சாய்ந்தது, பாதி சாய்ந்தது, நின்றது என்று குறித்தேன். அவன் வரப்பில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"அது நிக்குதே," என்றான், ஓரிடத்தைக் காட்டி. "அந்த ஒசரத்துக்கு அது விழணும்."

அது முப்பத்தேழாம் எண். மற்ற இரண்டு பகுதிகளிலும் போய்ப் பார்த்தேன். அங்கேயும் நின்றது. அதற்கு முந்தைய வருடத்தின் தாளைப் புரட்டினேன். விளக்கு வெளிச்சத்திலும் நாள் தவறாமல் பூத்தவற்றில் அதுவும் ஒன்று. சம்பாவின் நீண்ட கதிர் அதற்கு இறங்கியிருந்தது. இருட்டுக்குக் காத்திருக்கும் குணம் இறங்கவில்லை.

அறுவடை முடிந்து, வீட்டுக் கூடத்தில் கதிர்களைப் பரப்பி மணி எண்ணினோம். நிறைந்த மணி ஒரு பக்கம், பதர் ஒரு பக்கம். அம்மாவும் எண்ணினாள், ஆனால் நடுவில் யாராவது பேசினால் மறந்துவிடுவாள். அதனால் அவளுக்குப் பதரைக் கொடுத்துவிட்டோம். கணக்கு இம்முறை நேராக வந்தது. பூக்கும் நாள், செடி உயரம், கதிருக்கு எத்தனை மணி ஆகியவற்றில் விதையின் பங்கு மிக அதிகம். தூர் எண்ணிக்கையில் குறைவு, அது மண்ணும் இடைவெளியும் சொல்வதைத்தான் கேட்டது. செடியின் மொத்த விளைச்சல் இரண்டுக்கும் நடுவில். ஆகவே தூரைப் பார்த்து மயங்காமல், கதிரின் மணியைப் பார்த்துப் பொறுக்க வேண்டும் என்று எழுதினேன்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியிலிருந்து வந்த பேராசிரியர் முதல் வருட அத்தியாயத்தைத் தட்டிக் கேட்டார்.

"விளக்கால கெட்டுப்போன வருஷம்னு நீங்களே எழுதறீங்க. இதை எடுத்துட்டா ஆய்வு அழகா இருக்குமே. ஏன் வெச்சிருக்கீங்க?"

"எங்க பக்கம் மிச்சம் இருக்கற கழனிக்கெல்லாம் ஏதாவது ஒரு பக்கம் சுவர் இருக்கு சார். எல்லாச் சுவருக்கும் மூடி போடச் சொல்லி என்னால போக முடியாது. அந்த வெளிச்சத்துலயும் பூக்கறது எதுன்னு அந்த வருஷம்தான் காட்டுச்சு."

அவர் என் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை தண்ணீர் குடித்தார். பட்டம் கிடைத்தது. வெளியே வந்ததும் பேராசிரியை, "அந்தப் பதிலை முன்னாடியே யோசிச்சு வெச்சீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "நல்ல வேளை, நான் அந்த இடத்தை விடச் சொன்னதை நீங்க அவர்கிட்ட சொல்லலை," என்று சிரித்தார்.

இதோடு முப்பத்தேழு ஊரெங்கும் பரவிவிட்டது என்று சொல்ல ஆசைதான். அப்படி நடக்கவில்லை. கல்லூரி மூலமாக எங்கள் மாவட்டத்திலும் வேறு மாவட்டங்களிலும் அதை நட்டுப் பார்த்தார்கள். எங்கள் பக்கத்து மண்ணில் நன்றாக வந்தது. ஆற்றுப் படுகையின் களிமண்ணில் ஏற்கெனவே இருக்கும் ரகங்களிடம் தோற்றது. ரகமாக வெளியிடும் அளவுக்கு அது தேறவில்லை. தபாலில் முடிவு வந்த அன்று எனக்கு வருத்தமாக இருந்தது, மறுநாள் குறைந்தது. விளைச்சலில் விதைக்குப் பாதிப் பங்குதான் என்று எழுதியது நான்தானே.

வெளியிடாத நெல், போடாதே என்று நான் சொல்லியும் அண்ணன் ஒரு மூலையில் முப்பத்தேழை நட்டான். இப்போது அவன் நிரந்தர ஆள். நட்டதற்குக் காரணம் கேட்டால், "மழையில நின்னுச்சு இல்ல," என்பான். அந்த நெல்லை அரைத்துச் சோறாக்கிய அன்று எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அண்ணி முதல் வாயை மென்றுவிட்டு என்னைப் பார்த்தாள்.

"சொல்லுங்க அண்ணி."

"சோறு நல்லாவே இல்லம்மா. தடியா கீது. ஆறினா வெறச்சுக்கும். இட்லிக்கு வேணா போடலாம்."

நான் ஒரு கவளம் எடுத்து வாயில் போட்டேன். அவள் சொன்னது சரி. மணியை எண்ணினேன், எடை போட்டேன், உயரம் அளந்தேன். சமைத்துப் பார்க்கவில்லை. அது என் ஆய்வில் ஒரு குணமாகவே இல்லை. அண்ணன் மட்டும் இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான், என்னைப் பார்க்காமல்.

இப்போது ஒரு விதை ஆராய்ச்சி நிலையத்தில் எனக்கு வேலை. போன மாதம் முப்பத்தேழைத் தாயாக வைத்து, நல்ல சன்ன ரகம் ஒன்றைத் தந்தையாகக் கொண்டு ஒட்டுச் சேர்க்கத் தொடங்கினேன். முந்தைய நாள் பொழுது சாய்வதற்குள் பூ விரியாத மணிகளின் நுனியைக் கத்தரித்து, இடுக்கியால் மகரந்தப் பைகளை எடுத்துவிட்டு, காகித உறை மாட்டி வைக்க வேண்டும். மறுநாள் காலை வெயில் ஏறியதும் தந்தைக் கதிரைக் கொண்டுவந்து உறைக்குள் உதற வேண்டும். முதல் நாள் பல மணிகளை நசுக்கிவிட்டேன். பழகப் பழகச் சரியாயிற்று. சில மணிகள் சூல் பிடித்துவிட்டன. வழக்கம்போல் பல பிடிக்கவில்லை. பிடித்தவற்றில் அடுத்த பருவத்தில் முதல் தலைமுறை வரும். அதற்கடுத்ததில்தான் வித்தியாசங்கள் பிரிந்து நிற்கும். அண்ணியிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருக்கிறேன், இந்த முறை ஒவ்வொரு எண்ணிலும் ஒரு படி அவள் அடுப்புக்கு வரும்.

"எத்தினி எண்ணு?" என்று கேட்டாள்.

"நூறு தாண்டும் அண்ணி."

"அப்போ பெரிய குக்கர் வாங்கிடு," என்றாள்.